காய வைக்கும் முன் கழுவ வேண்டும்

போன ஐப்பசியில் ஒரு மழைநாள் காலை. கடை ஷட்டரைப் பாதிதான் ஏற்றியிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டு ஓர் அம்மா வந்து நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். முக்கால் அளவுக்குப் புழுங்கலரிசி. அதற்குள் கைவிட்டு ஒரு செல்போனை எடுத்தார்.

"மூணு நாளா அரிசியிலதான் இருக்கு, அக்கா. நல்லா காஞ்சிருச்சு. ஆன் மட்டும் ஆக மாட்டேங்குது."

"என்னம்மா கொட்டுச்சு?"

"காபிதான். பொண்ணு டேபிள்ல வச்சிருந்தா, டபரா கவுந்துடுச்சு. அவளோட காலேஜ் ப்ராஜெக்ட் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. ரெண்டு நாளா சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறா."

பின்மூடியின் பசையை இளஞ்சூட்டில் இளக்கி, மெல்லிய தகட்டை விட்டு நெம்பித் திறந்தேன். முதலில் வந்தது காபி வாசனை. சார்ஜர் செருகும் துளைக்குள் ஒரு நொய் சிக்கியிருந்தது. போர்டின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு படலம். பேட்டரி இணைப்புக்குப் பக்கத்தில் கடுகளவு பச்சை. போன் நன்றாகவே காய்ந்திருந்தது. காபியும் அதற்குள்ளேயே காய்ந்திருந்தது.

இந்தக் காட்சியை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது. அந்த அம்மா கைக்கெட்டிய நல்லதைத்தான் செய்தார். ஆனால் அந்த மூன்று நாளும் பச்சை வளர்ந்துகொண்டிருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் நாம் விசிறியைப் போட்டுக் காய விட்டுப் போவதில்லை; ஈரம் இருக்கும்போதே துடைக்கிறோம், கழுவுகிறோம். போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும் அந்தப் புத்தியை மறந்துவிடுகிறோம். சிந்தியதை அகற்றாமல் ஈரத்தை மட்டும் போக்கினால் பொருள் பிழைக்காது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அப்பாவின் ரேடியோ கடை

சென்னை சைதாப்பேட்டையில் எங்கள் கடையை ஆரம்பித்தவர் அப்பா. வால்வு ரேடியோ, பிறகு டிரான்சிஸ்டர், பிறகு டேப் ரிக்கார்டர், டிவி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். சால்டரிங் பிடிக்க அங்கேதான் பழகினேன். ரிச்சி தெருவில் எந்தக் கடையில் எந்த ஐசி கிடைக்கும் என்பதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து தெரிந்துகொண்டதுதான். கடை இன்று என் பொறுப்பில்.

அப்பா காலத்தில் சுத்தம் செய்ய ஒரு குப்பி இருக்கும். சி.டி.சி. என்பார்கள். கார்பன் டெட்ரா குளோரைடு. அழுக்கை நொடியில் எடுத்துவிடும், எடுத்த மாதிரியே ஈரலையும் எடுத்துவிடும். ஓசோன் படலத்துக்கும் கேடு என்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-இல் இந்தியாவில் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்துவது நிறுத்தப்பட்டது. இப்போது எங்கள் மேஜையில் இருப்பது ஐ.பி.ஏ. என்று நாங்கள் சொல்லும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். குப்பி மாறியது. "கெட்டது எதுன்னு பார்க்காதே, உள்ள கிடக்குறது எதுன்னு பாரு" என்று அப்பா சொன்னது மாறவில்லை.

களிம்பு எப்படிப் பிடிக்கிறது?

செம்புக் குடத்தைத் தேய்க்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். போர்டுக்குள் ஓடும் கோடுகளும் செம்புதான். குடத்தில் மாதக்கணக்கில் நடப்பது போர்டில் சில மணி நேரத்தில் நடந்துவிடும். காரணம், போர்டில் மின்சாரம் இருக்கிறது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. காபி, சாம்பார் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவில் அந்த ஈரம் பாலம் போட்டதும், நேர்மின் பக்கத்துச் செம்பு கரையத் தொடங்கும். கரைந்தது எதிர்மின் பக்கம் நகர்ந்து அங்கே மரக்கிளை மாதிரி முளைக்கும். ஒரு பக்கம் கோடு அறுந்துபோகிறது, இன்னொரு பக்கம் முளைத்த கிளை எதிர்க்கோட்டைத் தொட்டு ஷார்ட் ஆகிறது. தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். செல்போன் பேட்டரியில் இருப்பது சுமார் 3.7 வோல்ட். போனை அணைத்தாலும் பேட்டரி உள்ளேயே இருப்பதால் அதை ஒட்டிய சில கோடுகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். அரிசி டப்பாவுக்குள் மூன்று நாளும் நடந்தது இதுதான்.

அதனால்தான் என் வாடிக்கையாளர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: காய வைத்துக் கொண்டு வராதீர்கள், ஈரத்தோடு கொண்டு வாருங்கள். அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

அரிசியால் வேறு தொந்தரவும் உண்டு. அதன் மாவும் நொய்யும் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஈரமான ஐபோனை அரிசிக்குள் வைக்க வேண்டாம், சிறு துகள்கள் அதைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிக் குறிப்பில் எழுதியது. அரிசி சமைக்க நல்லது, அதை அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஐந்து நிமிடம்

சிந்தியவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

பிளக்கில் செருகிய பொருள் என்றால் பொருளைத் தொடுவதற்கு முன் சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் போர்டே நனைந்திருந்தால் அதன் பக்கம் போகாமல் மெயினை அணையுங்கள். கையும் காலும் காய்ந்திருக்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அது யாருக்கும் விட்டுக்கொடுக்காது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கசிவு மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது.

லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைத் திரை இருளும் வரை அழுத்திப் பிடியுங்கள். "ஃபைலை சேவ் பண்ணிட்டு" என்று நினைக்கும் அந்த அரை நிமிடத்தில் போர்டு போய்விடும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். பிறகு கூடாரம் மாதிரி கவிழ்த்து, தட்டெழுத்துப் பக்கம் கீழே பார்க்கும்படி ஒரு துண்டின்மேல் நிறுத்துங்கள். தாய்ப்பலகை கீபோர்டுக்கு நேர் கீழே இருக்கிறது. கவிழ்த்தால் திரவம் வந்த வழியே திரும்பும். திங்க்பேட் வகை லேப்டாப்புகள் சிலவற்றில் கீபோர்டிலிருந்து அடிப்பக்கம் வரை வடிகால் துளை வைத்திருப்பார்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் அது கிடையாது.

செல்போன் என்றால் அணைத்து, உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். உதறாதீர்கள். உதறினால் வெளியே வருவதைவிட உள்ளே போவதுதான் அதிகம். சரியாக இருக்கிறதா என்று ஆன் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நனைந்தும் பிழைத்திருக்க வேண்டிய பல போன்கள் அந்த ஆசையில்தான் செத்தன.

என்ன சிந்தியது என்பதுதான் கேள்வி

கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு சிந்தியது என்று சொல்வார்கள். நான் கேட்பது என்ன சிந்தியது என்று. ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளர் சிந்திய லேப்டாப் பெரும்பாலும் பிழைத்துவிடும், உடனே அணைத்திருந்தால். இரண்டு ஸ்பூன் ரசம் அதைவிடக் கொடியது. ரசத்தில் உப்பு இருக்கிறது, புளியின் அமிலம் இருக்கிறது, தாளித்த எண்ணெய் இருக்கிறது. மோரில் உப்பும் லாக்டிக் அமிலமும். கோலா பானத்தில் பாஸ்பாரிக் அமிலம். இளநீரில் பொட்டாசியம் உப்பு நிறைய.

காபி, டீயில் உப்பு நமக்குத் தெரியாது, ஆனால் பாலிலேயே உப்புகள் உண்டு. பாலின் புரதம் காய்ந்தால் பசை. சர்க்கரை காய்ந்தாலும் முழுசாகக் காய்வதில்லை, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கார்த்திகை மழையில் வெல்லம் கசிவது போலத்தான். அந்தப் படலம் போர்டில் இருக்கும்வரை போர்டுக்குள் மழைக்காலம் முடியாது. இனிப்பைத் தேடி எறும்பு வேறு வரும். சிந்தி ஆறு மாதம் கழித்து லேப்டாப் பழுதாகி வந்தால், திறந்ததும் எறும்புக் கூட்டம் சிதறி ஓடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றிலும் மோசம் கடல்நீர். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. மெரினாவில் செல்ஃபி எடுக்கும்போது அலை அடித்த போன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் மேஜையில் மற்ற வேலை எல்லாம் நின்றுவிடும்.

"வாட்டர்புரூஃப் போன்தானே" என்பார்கள். ஐ.பி.67 என்ற தரத்தின் பொருள், ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கியது என்பது. சோதித்தது புதுப் போனை. கடல்நீர், சோப்பு நீர், கொதிக்கும் ரசம் எதுவும் அதில் சேராது. வயதாக ஆக உள்ளே இருக்கும் பசை வளையம் தளரும். ஒருமுறை திரை மாற்றியிருந்தால் அந்தத் தரத்தை நம்பக் கூடாது. அப்படித் தரம் உள்ள, விரிசல் இல்லாத போன்மேல் ஜூஸோ காபியோ சிந்தினால், அணைத்துவிட்டு மெல்ல ஓடும் நல்ல தண்ணீரில் மேலாகக் கழுவித் துடைக்கலாம். தரம் இல்லாத போனை வீட்டில் கழுவ வேண்டாம், அது எங்கள் வேலை.

மேஜைமேல் நடப்பது

அந்த அம்மாவின் போனுக்கு வருகிறேன். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். பேட்டரி உப்பவில்லை, சூடில்லை. பிறகு ரிப்பன்களை ஒவ்வொன்றாக விடுவித்து, போர்டின்மேல் இருந்த தகரக் கவசங்களை எடுத்து, போர்டை மட்டும் தனியே பிரித்தேன்.

ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்டு வாட்டர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கில் விற்பார்களே, அதே கேன். சர்க்கரையும் உப்பும் தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது. அதனால் முதல் குளியல் தண்ணீரில்தான். குழந்தைகளுக்கான மெத்தென்ற பல்துலக்கியால் ஒரே திசையில், சில்லுகளின் ஓரமாக, மெதுவாகத் தேய்த்தேன். தண்ணீர் முதலில் வெளுத்த டீ நிறமானது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர். மூன்றாவது முறை தெளிவாக நின்றது.

அடுத்தது 99 சதவீத ஐ.பி.ஏ. குளியல். சில்லுகளுக்கும் போர்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிதான் இருக்கும். தண்ணீர் அதற்குள் புகுந்தால் பிடித்துக்கொண்டு வெளியே வராது. ஐ.பி.ஏ.வின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் அந்த இடுக்குக்குள் எளிதாக நுழைந்து, தண்ணீரோடு கலந்து, அதை இழுத்துக்கொண்டு வந்து ஆவியாகிவிடும். பிறகு ஐந்து நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில். கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் இடுக்கில் உடைந்து, துலக்கி எட்டாத அழுக்கை உதிர்க்கும்.

உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் பச்சை போயிருந்தது. அது இருந்த இடத்தில் உளுந்தை விடச் சின்னதான ஒரு கெப்பாசிட்டரின் கால் கரைந்திருந்தது. அதை மாற்றிச் சால்டர் செய்து, போர்டை விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவைத்தேன்.

மருந்துக்கடை ஸ்பிரிட்டும் கை கழுவும் சானிடைசரும் இதற்கு ஆகாது. அவற்றில் தண்ணீரும் வேறு சேர்மானங்களும் உண்டு. ஐ.பி.ஏ. வாங்கி வைப்பவர்கள், அது பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம். அடுப்படியிலும் விளக்கேற்றிய பூஜையறையிலும் குப்பியைத் திறக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

ரிமோட்டை வீட்டிலேயே காப்பாற்றலாம். பேட்டரிகளை எடுத்துவிட்டு, திருகு இருந்தால் கழற்றி, ஓரத்தில் பழைய ஏ.டி.எம். அட்டையை விட்டு நெம்பினால் இரண்டாகப் பிரியும். பட்டன்கள் கோர்த்த ரப்பர் விரிப்பைச் சோப்புத் தண்ணீரில் தாராளமாக அலசலாம். அதன் அடியில் இருக்கும் கரும்புள்ளிகளை மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அந்தக் கரிப்பூச்சுதான் பட்டனை வேலை செய்ய வைக்கிறது. போர்டை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அடுத்து ஐ.பி.ஏ.வால் துடைத்துக் காய விட்டால் போதும்.

கம்ப்யூட்டரின் தனி கீபோர்டும் அப்படித்தான். சாதாரண கீபோர்டுக்குள் கோடு அச்சடித்த பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் தாள்களுக்கு நடுவே புகுந்த டீ போகாது. பிரித்து, தாளைத் தண்ணீரில் அலசி, நிழலில் கொடியில் போட்ட மாதிரி தொங்கவிட வேண்டும்.

மிக்ஸியில் சட்னி வழிந்தால், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, உடனே கவிழ்த்துப் பிடியுங்கள். ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் வழியாகத்தான் மோட்டாருக்குள் இறங்குகிறது. மேல் பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு நாள் கவிழ்த்தே வையுங்கள். மோட்டார் கம்பிமேல் வார்னிஷ் பூச்சு உண்டு, நல்ல தண்ணீர் பட்டு நன்றாக உலர்ந்தால் பெரும்பாலும் பிழைக்கும். தேங்காய்ச் சட்னி நிறைய இறங்கியிருந்தால் கடையில் பிரித்துக் கழுவத்தான் வேண்டும். நாங்கள் கழுவி உலர்த்தி, மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்ப்போம். மோட்டார் கம்பிக்கும் உடலுக்கும் நடுவே 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் நான் மின்சாரம் கொடுக்க மாட்டேன்.

டிவி கதை ஆயுத பூஜையோடு சேர்ந்தது. பூஜைக்கு அடுத்த வாரம் திரையில் கோடு விழுந்த டிவிகள் வரிசையாக வரும். துடைக்கிறேன் என்று திரைமேல் நேராகத் தண்ணீரைத் தெளித்திருப்பார்கள். அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். திரைக்கு உத்தரவு கொடுக்கும் மெல்லிய படலச் சில்லுகள் பல டிவிகளில் அங்கேதான் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. துணியை நனைத்துப் பிழிந்து துடைத்திருந்தால் அந்தச் செலவே இல்லை. திரையின் அடுக்குகளுக்குள் ஒருமுறை நீர் போனால் காய்ந்த பிறகும் மேகம் போலக் கறை நிற்கும்.

திறக்கவே கூடாதவையும் உண்டு. டிவி, சார்ஜர் பெட்டிகளின் பவர் சப்ளை பகுதியில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் உள்ளே 2000 வோல்ட்டுக்கு மேல். பழகிய கைக்கே அங்கே பயம் இருக்க வேண்டும். நனைந்த பிறகு உப்பிய, சூடாகிற, இனிப்பான ரசாயன வாடை வருகிற லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். எரியும் பொருள் எதுவும் இல்லாத சிமென்ட் தரையில், வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

தொட்டிக்குள் போட்ட போர்டுகள்

2015 டிசம்பர் முதல் வாரம். செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட நீரும் விடாத மழையும் சேர்ந்து அடையாறு கரைமீறியது. எங்கள் தெருவில் இடுப்பளவு. கடைக்குள் கீழ் அலமாரி முழுக்க முழுகியது. நீர் வடிந்த மூன்றாம் நாள், ஜனங்கள் சேறு வழிய டிவி, வாஷிங் மெஷின், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலர் மொட்டை மாடியில் காய வைக்கப் புறப்பட்டிருந்தார்கள்.

அப்பா அப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "காய விடாதே. சேறு காஞ்சா கல்லு. ஈரமாவே இருக்கட்டும், தொட்டியில போடு" என்றார். லாரியில் வந்த நல்ல தண்ணீரைப் பிடித்து, நான்கு பிளாஸ்டிக் தொட்டிகளில் நிரப்பினோம். கழற்றிய போர்டுகளில் அவரவர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, தண்ணீருக்குள் போட்டேன்.

பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தண்ணியில கெட்டதத் தண்ணியிலயே போடறியேம்மா" என்றார். அவருக்குப் பதில் சொல்லவும் நேரமில்லை. சேறு கரையக் கரையத் தண்ணீரை மாற்றினோம். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பிறகு கயிறு கட்டி, விசிறியின் கீழே போர்டுகளைத் தொங்கவிட்டோம்.

தெருவில் வெள்ளம் நுழைவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அது எங்கள் பாக்கியம். நனைந்தபோது மின்சாரம் இல்லாததால் செம்பு கரையவில்லை, அழுக்குதான் அப்பியிருந்தது. வாஷிங் மெஷின் போர்டுகள் பலவும் பிசினுக்குள் பதித்து வந்தவை, கழுவியதும் எழுந்துகொண்டன. ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் முழுக்க மூடி வெல்டிங் செய்த உருண்டை, உள்ளே நீர் போகாது. வெளியே இருக்கும் ரிலேயையும் இணைப்புகளையும் மாற்றி, கழுவி உலர்த்தினால் போதுமாக இருந்தது. மாடியில் வெயிலில் வைத்துச் சேற்றோடு காய்ந்து வந்த போர்டுகளில்தான் அதிக இழப்பு.

அப்பா தன் அனுபவத்தில் சொன்னதை விமான விபத்தை ஆராய்பவர்களும் செய்கிறார்கள் என்று பின்னால்தான் படித்தேன். கடலிலிருந்து எடுத்த கருப்புப் பெட்டியைக் காய விடாமல், நல்ல தண்ணீர் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டு போவார்கள். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1-ஆம் தேதி அட்லாண்டிக் கடலில் விழுந்தது. அதன் பதிவுக் கருவிகள் 2011 மே மாதம் சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து கிடைத்தன. இரண்டு வருடம் உப்புநீரில் கிடந்த நினைவகப் போர்டுகளைச் சுத்தம் செய்து, பொறுமையாக உலர்த்தி, அதிலிருந்த பதிவுகளைப் படித்தார்கள். அதைப் படித்த இரவு அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

காத்திருப்பதும் ஒரு வேலை

கழுவியாகிவிட்டது. இனி உலர்த்த வேண்டும். இதில் அவசரம் கூடாது. ஹேர் டிரையர் வைத்தால் சூட்டில் பசையும் பிளாஸ்டிக்கும் இளகும், காற்றின் வேகத்தில் ஈரம் இன்னும் ஆழமாகப் போகும். சித்திரை வெயிலும் வேண்டாம், பேட்டரிக்கும் திரைக்கும் அது ஆகாது. நிழல், விசிறிக் காற்று, நேரம். இவை மூன்றும் போதும். துளைகள் கீழே பார்க்கும்படி, அடியிலும் காற்று போகும்படி வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கையில் இருந்தால் மூடிய டப்பாவில் கூட வைக்கலாம், கடைசிச் சொட்டு ஈரத்துக்கு உதவும்.

எத்தனை நாள் என்றால், கோடையில் ஒரு நாளில் காய்வது ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் கேட்கும். சென்னைக் காற்றே அப்போது ஈரம். ஏ.சி. ஓடும் அறையில் காற்று வறண்டு இருப்பதால் அங்கே சீக்கிரம் உலரும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். துவைத்த ஜீன்ஸில் துணி காய்ந்தும் பட்டித் தையல் ஈரமாக இருக்கும் அல்லவா? போர்டிலும் சில்லுக்கு அடியில் இருப்பதுதான் கடைசியில் காயும். சார்ஜ் துளையில் ஈரம் இருப்பதாகப் போனே எச்சரித்தால் அதை நம்புங்கள்.

மறுநாள் அந்த அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். புதுப் பேட்டரி போட்டு பட்டனை அழுத்தினேன். திரை ஒளிர்ந்தது. அந்தப் பெண் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முதல் வேலையாகப் படங்கள் அத்தனையையும் பென்டிரைவில் இறக்கிக் கொடுத்தேன். "ப்ராஜெக்ட் பொழச்சுது. இந்தப் போன் எத்தனை நாள் உழைக்கும்னு என்னால சொல்ல முடியாது, கண்ணு. களிம்பு ஏற்கெனவே தின்னுருக்கு. மூணு நாள் முன்னாடி ஈரத்தோட வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்" என்றேன். பொய் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. அம்மா அரிசிச் சம்படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, எதை எப்படிக் கழுவுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"அக்கா, டிவி ரிமோட்டுல பாயசம் கொட்டிடுச்சு. பேட்டரியக் கழட்டிட்டேன். ரப்பரைச் சோப்புத் தண்ணியில அலசிட்டேன். போர்ட அந்த டிஸ்டில்டு வாட்டர் தொட்டு மூணு தடவை தொடச்சுட்டேன், பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும். ஐ.பி.ஏ. என்கிட்ட இல்ல. இப்போ எத்தனை நாள் காய விடணும்?"

"அது இல்லேன்னா பரவாயில்லம்மா. விசிறிக்கு அடியில ரெண்டு நாள் வச்சிடுங்க."

"சரிக்கா. ரெண்டு நாள் டிவி இல்லாம இருந்துக்கறோம்" என்றார்.